ஏற்றமும் இரட்டைக் கிளட்சும்: கண்டியில் சிறிய காருக்குக் கியர்பொக்ஸ் தெரிவுசெய்தல்

சிறிய கார் வாங்கக் கிளம்புகிற எவரையும் கார் சேலில் முதலில் கேட்பது "ஓட்டோவா, மெனுவலா?" என்பதைத்தான். கொழும்பில் இடது காலின் களைப்பை நினைத்தே அதற்குப் பதில் சொல்லிவிடலாம். கண்டியில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாவியைச் சுற்றியுள்ள சமதரையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். ஹந்தானை, அம்பிட்டிய, பஹிரவகந்த, அஸ்கிரிய என்று வீடுகள் எல்லாம் சரிவிலே நிற்கின்றன. வாசலுக்குப் போகும் கடைசி நூறு மீற்றர் பெரும்பாலும் ஒரு கார் மட்டும் போகக்கூடிய கொங்கிரீட் ஒழுங்கை. எதிரே முச்சக்கரவண்டி வந்தால் ஏற்றத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும், சில நேரம் பின்னாலும் எடுக்க வேண்டும்.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏற்றத்தில் நின்று நின்று ஊரும்போது இந்தக் காரின் எடையை எது தாங்குகிறது? மெனுவல் காரில் ஒரு கிளட்ச் பிளேட். இரட்டைக் கிளட்ச் காரில் அதே போன்ற இரண்டு பிளேட்டுகள், ஆனால் அவற்றை அழுத்தி விடுவது கம்பியூட்டர். கிளட்ச் பெடல் இல்லை என்பதால் கிளட்சும் இல்லை என்று எண்ணித்தான் பலர் இந்தக் கார்களை வாங்குகிறார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த எண்ணத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது.

"ஓட்டோ" என்ற ஒரு பெயரில் நான்கு விதம்

விளம்பரத்தில் "ஓட்டோ" என்று போட்டிருக்கும். அதன் பின்னே நான்கு வேறு வேறு பொறிகள் இருக்கலாம். பழைய மாதிரி டோர்க் கன்வேர்ட்டர், அதாவது எண்ணெய் வழியே விசையைக் கடத்துவது, ஒன்று. டொயோட்டா விட்ஸில் உள்ள, பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. இன்னொன்று. சுசுக்கி செலெரியோ போன்றவற்றில் வரும் ஏ.ஜி.எஸ்., சாதாரண மெனுவல் பெட்டிக்கு மேலே கிளட்சை அழுத்தும் இயந்திரக் கையைப் பொருத்தியது. நான்காவதுதான் டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச். டொயோட்டா அக்குவா இந்த நான்கிலும் சேராது. அதில் கோள் பல்சக்கரத் தொகுதியும் மின் மோட்டார்களும் வேலையைப் பகிர்ந்துகொள்வதால், ஏற்றத்தில் தேய்ந்து கருகக்கூடிய கிளட்ச் எதுவும் இல்லை.

இரட்டைக் கிளட்சில் 1, 3, 5, 7ஆம் கியர்கள் ஒரு தண்டிலும் 2, 4, 6 மற்றத் தண்டிலும் இருக்கும். நீங்கள் இரண்டாம் கியரில் போகும்போதே மூன்றாம் கியர் அடுத்த தண்டில் போடப்பட்டுத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கும். இடையில் விசை அறுபடாது. 2003இல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 இதைச் சந்தைக் காருக்குக் கொண்டுவந்தது. திறந்த வீதியில் இதைப் போல இனிமையாக ஓடும் பெட்டி சிறிய கார்களில் வேறில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன். பேராதனையிலிருந்து கம்பளைக்கு அதிகாலையில், நெரிசல் தொடங்கும் முன் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சிக்கல் வேகத்தில் அல்ல, மெதுவில். பல சிறிய கார்களில் இந்தக் கிளட்ச்கள் உலர் வகை. எண்ணெயில் நனைந்திருக்காததால் வெப்பத்தை எடுத்துப்போக எதுவும் இல்லை, பெட்டிக்குள் உள்ள காற்று மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பெரியவர்களும் பைகளுமாக ஒரு சிறிய ஹைபிரிட் கார் சுமார் 1,400 கிலோ. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில் அதைப் பின்னால் இழுக்கும் விசை ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமம். பிரேக்கை மிதிக்காமல் எக்ஸலரேட்டரை லேசாக அழுத்தியே காரை அந்த இடத்தில் நிறுத்திவைத்தால், என்ஜின் தரும் அவ்வளவு வேலையும் கிளட்சில் வெப்பமாக மாறும். முதலாம் கியரில், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில், அது ஏறக்குறைய 3 கிலோவாட். ஒன்றரைக் கிலோவாட் மின் கேத்தல் இரண்டை ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குள் மூடி வைத்துக் கொதிக்கவிட்டது போன்றது. சற்று நேரம் இப்படி நின்றாலும் கிளட்ச் கடுமையாகச் சூடேறும்.

மெனுவல் காரிலும் இதே வெப்பம் உண்டு. ஹாஃப் கிளட்சில் ஏற்றத்தில் காரைப் பிடித்து நிற்பவர் அதே பிளேட்டைத்தான் எரிக்கிறார். ஆனால் உங்கள் கால் அங்கே இருக்கிறது, வாடை மூக்குக்கு வருகிறது, பெடல் அதிர்கிறது. உடனே ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறீர்கள். இரட்டைக் கிளட்ச் காரில் அந்தச் செய்தி டாஷ்போர்டில் எச்சரிக்கை எரியும் வரை உங்களிடம் வந்து சேராது.

ஹொண்டா ஃபிட், வெசல், கிரேஸ்

இலங்கையில் இரட்டைக் கிளட்ச் என்று பேசினால் பெரும்பாலும் அது ஹொண்டாவைப் பற்றிய பேச்சுத்தான். 2013 செப்ரெம்பரில் ஜப்பானில் வந்த மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட், அதே ஆண்டு டிசெம்பரில் வந்த வெசல் ஹைபிரிட், 2014 டிசெம்பரில் வந்த கிரேஸ் ஹைபிரிட் ஆகிய மூன்றிலும் ஒரே ஒழுங்கு: 1.5 லீற்றர் பெற்றோல் என்ஜின், ஏழு கியர், உலர் இரட்டைக் கிளட்ச், ஒற்றைப்படைக் கியர்த் தண்டோடு இணைந்த 22 கிலோவாட் மின் மோட்டார்.

வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சேஸி இலக்கத்தின் முன்னெழுத்தைப் பாருங்கள். ஃபிட் ஜி.பி.5 இரட்டைக் கிளட்ச். அதற்கு முந்திய ஜி.பி.1 ஹைபிரிட் சி.வி.டி. வெசல் ஆர்.யூ.3 இரட்டைக் கிளட்ச், பெற்றோல் மட்டும் கொண்ட ஆர்.யூ.1 சி.வி.டி. கிரேஸ் ஜி.எம்.4 இரட்டைக் கிளட்ச். ஒரே முகம், ஒரே பெயர், உள்ளே வேறு பொறி. "எல்லாம் ஓட்டோதான் சேர், பிரச்சினை இல்லை" என்று சொல்லும் புரோக்கருக்கே இந்த வித்தியாசம் சில நேரம் தெரியாது.

இந்த ஒழுங்கின் தொடக்கம் ஹொண்டாவுக்கு எளிதாக இருக்கவில்லை. ஃபிட் ஹைபிரிட் வெளிவந்து ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில், 2014 ஒக்டோபர் வரை, ஜப்பானில் அது ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. முதல் அழைப்புகளில் முக்கியமானது இரட்டைக் கிளட்ச் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள். ஐந்தாவது அழைப்போடு நிறுவனத்தின் தலைவரும் மேலதிகாரிகளும் தம் சம்பளத்தில் வெட்டை ஏற்றுக்கொண்டார்கள். மென்பொருளைப் புதுப்பித்த பின் பெட்டி நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த ஆரம்பக் காலக் கார்களில் பல இலங்கைக்கு வந்துவிட்டன, புதுப்பிப்பு செய்யப்பட்டதா இல்லையா என்பதைக் காரின் சேஸி இலக்கத்தைக் கொண்டுதான் அறிய முடியும். ஜப்பானிய மொழியில் உள்ள ஹொண்டாவின் தேடல் பக்கத்தில் அந்த இலக்கத்தை இட்டால் விடை வரும். ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரின் உதவியோடு வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கண்டிக்காரருக்கு அதைவிட முக்கியமான விஷயம் பற்றரி. இந்தக் கார்கள் வழக்கமாக மின் மோட்டாரில் புறப்படும். அப்போது என்ஜின் கிளட்ச் திறந்தே இருக்கும், தேய்வும் இல்லை. பற்றரியில் மின் இருக்கும் வரை தலதா வீதியின் பாடசாலை நேர நெரிசலில் இந்தக் கார் மிகச் சுகமானது, கிளட்சுக்கும் பாதுகாப்பானது. ஆனால் ஃபிட்டின் பற்றரி முழுவதும் நிறைந்தாலும் 0.86 கிலோவாட் மணி அளவுதான், அதிலும் ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்தும். 1,400 கிலோவை 300 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, உராய்வு எதையும் சேர்க்காமலே, 1.1 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். ஆகவே நீண்ட ஏற்றத்தின் பாதி வழியிலேயே மின்னுதவி தீர்ந்துவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொரு புறப்பாட்டையும் உலர் கிளட்ச் தனியாகச் செய்ய வேண்டும். கடுகண்ணாவைக் கணவாயில் நீண்ட வார இறுதியில் லொறிக்குப் பின்னால் ஊரும்போது கியர்பொக்ஸ் சூடு எச்சரிக்கை எரிவதற்குக் காரணம் இதுதான். குறைபாடுள்ள காரில் மட்டும் அது எரியும் என்று நினைக்க வேண்டாம். நல்ல காரிலும் எரியலாம்.

2020 பெப்ரவரியில் வந்த அடுத்த ஃபிட்டில் ஹொண்டா இந்தப் பெட்டியைக் கைவிட்டு, தாழ்ந்த வேகத்தில் சக்கரத்தை மோட்டாரே சுழற்றும் இரண்டு மோட்டார் ஒழுங்குக்கு மாறியது. வெசலும் 2021இல் அதே வழியில் போனது. மலைநாட்டு வாசகருக்கு அந்த மாற்றம் பெரிய செய்தி.

அப்படியிருந்தும் நம் வீதிகளில் இன்னும் ஓடுவது பழையவைதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் எரிபொருள் நெருக்கடியும் வந்தது. கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய காலத்தில், ஒரு லீற்றருக்கு அதிகம் ஓடும் ஹைபிரிட்டின் மீது எல்லோருக்கும் ஆசை வந்தது. இதனால் 2014இல் செய்த ஃபிட் பத்து வயதைத் தாண்டி, கை மாறி மாறி, இன்னும் நல்ல விலையில் நிற்கிறது. அதன் கிளட்ச் எந்த ஏற்றத்தில் எத்தனை ஆண்டு உழைத்தது என்பதை மீற்றர் சொல்லாது. அநுராதபுரத்தில் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடியதும் ஹந்தானையில் ஒரு லட்சம் ஓடியதும் கிளட்சுக்கு ஒன்றல்ல.

மற்ற நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. வொக்ஸ்வாகனும் தன் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளுக்காக 2013இல் சீனாவில் 384,181 கார்களைத் திரும்ப அழைத்தது. ஹுண்டாயின் சிறிய கார்களில் வரும் ஏழு கியர்ப் பெட்டியும் உலர் வகை. இந்தியாவில் 2022இல் வந்த டாடா அல்ட்ரோஸின் இரட்டைக் கிளட்ச் வடிவம் எண்ணெயில் நனைந்த கிளட்சைப் பயன்படுத்துகிறது. மலைக்கு அந்த வகையே பொருத்தம். புதிதாக இறக்கும் எந்தக் காரிலும் "டி.சி.டி." என்று கண்டால், உலர் வகையா நனைந்த வகையா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உங்கள் வழி எது?

முடிவை உங்கள் அன்றாட வழியே எடுக்கட்டும். குண்டசாலை, திகன பக்கம் வசித்து, தென்னக்கும்புர வழியாக நகருக்கு வந்து போகிறவருக்கு ஜி.பி.5 நல்ல தெரிவு. பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை வரை காலையில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவருக்கும் அப்படியே. அங்கே நெரிசல் உண்டு, பெரிய ஏற்றம் இல்லை. மெனுவலில் அந்த ஊர்வலம் காலுக்குத் தண்டனை.

ஹந்தானை வீதியில் வைத்தியசாலையைக் கடந்து மேலே ஏறி, அங்கிருந்து ஒழுங்கையில் திரும்பும் வீடு என்றால் நான் மெனுவலையே சொல்வேன், அல்லது அக்குவாவை. ராஜபிஹில்ல மாவத்தைக்கு மேலே உள்ள ஒழுங்கைகளுக்கும் அதுவே பதில். கலஹா, தெல்தோட்டைப் பக்கம் தோட்டப் பாதைகளில் போகிறவர்கள் இரட்டைக் கிளட்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கல்லும் சேறும் கலந்த ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய இடத்தில் கிளட்ச் உங்கள் காலின் கீழேயே இருக்க வேண்டும்.

மெனுவலிலும் என்ஜினின் பலத்தைப் பாருங்கள். அல்டோ 800இன் 796 சி.சி. என்ஜின் கிட்டத்தட்ட 69 நியூட்டன் மீற்றர்தான் தரும். நான்கு பேரோடு, ஏ.சி. போட்டு, ஹந்தானை வளைவில் இரண்டாம் கியரில் ஏற முயன்றால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும், நீங்கள் ஹாஃப் கிளட்சில் இழுக்கத் தொடங்குவீர்கள். வளைவுக்கு முன்பே முதலாம் கியருக்கு வந்து, தேவையென்றால் ஏ.சி.யை நிறுத்துங்கள். 1,200 சி.சி. ஸ்விஃப்ட் மெனுவலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நுவரெலியா வழி வேறு விதம். கம்பளையைத் தாண்டிப் புசல்லாவ, ரம்பொடை என்று ஏறி 1,868 மீற்றர் உயரத்துக்குப் போகும் அந்த வீதியில் கார் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் இருந்தால் இரட்டைக் கிளட்ச் வருத்தப்படாது. ஏப்ரல் விடுமுறை நெரிசலில் மட்டும் கவனம் வேண்டும். மஹியங்கனை வழியில் 'பதினெட்டு வளைவு' எனப்படும் பகுதியில் வேறொரு குணம் தெரியும். கொண்டை ஊசி வளைவை நெருங்கி வேகம் குறைத்து உடனே ஏறவேண்டியிருக்கும். பெட்டி மேல் கியரைத் தயார்செய்து வைத்திருந்தால் கீழே வர ஒரு கணம் தயங்கும். வளைவுக்கு முன்பே எஸ் (ஸ்போர்ட்) நிலையைப் போட்டுவிட்டால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும்.

ஏற்றத்தில் ஓட்டுவது

இரட்டைக் கிளட்ச் காரில் முதல் பழக்கம்: முன் வாகனத்தோடு ஒட்டிப் போகாதீர்கள். அது ஒரு மீற்றர் நகர்ந்தால் நீங்களும் ஒரு மீற்றர் நகர வேண்டாம். இரண்டு கார் நீளம் இடைவெளி வரும் வரை பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் போய் மீண்டும் நில்லுங்கள். பிரேக்கை முழுதாக மிதித்தால் கம்பியூட்டர் கிளட்சைத் திறந்துவிடும். அரைகுறையாக மிதித்தால் கிளட்ச் பிடிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

புறப்படும்போது எக்ஸலரேட்டரைத் தயங்கித் தயங்கி அழுத்த வேண்டாம். கிளட்ச் முழுதாகப் பிடிக்க எடுக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வெப்பமும் குறையும். ஹில் ஸ்டார்ட் உதவி ஒரு கணம்தான் காரைப் பிடித்து வைக்கும், அதை நம்பி ஓய்வெடுக்க வேண்டாம். வெசலில் உள்ள பிரேக் ஹோல்டைப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கை எரிந்துவிட்டால், இயன்றவரை சமமான பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, பி நிலையைப் போட்டு, செய்தி மறையும் வரை காத்திருங்கள். கைநூலும் அதைத்தான் சொல்கிறது. "கொஞ்சத் தூரம்தானே" என்று மேலே ஏறுவதுதான் பிளேட்டுக்குக் கடைசிப் பயணமாகிறது.

இறக்கத்தில் ஹைபிரிட்டுக்கு இன்னொரு விஷயம் உண்டு. ரம்பொடையிலிருந்து கீழே வரும்போது பற்றரி சீக்கிரமே நிறைந்துவிடும். நிறைந்த பின் மோட்டாரின் பிடிப்பு குறையும், முழுச் சுமையும் பிரேக் பேட்டின் மீது விழும். முன்பே எல் அல்லது எஸ் நிலைக்கு மாற்றி என்ஜின் பிடிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெனுவலில் பழைய விதி போதும்: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மெனுவல் ஓட்டுநருக்கு ஒரே ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன். ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக், நியூட்ரல், கிளட்சிலிருந்து கால் வெளியே. ஒவ்வொரு முறையும். பயிற்சிப் பாடசாலையில் இதைச் செய்தவர்கள் அனுமதிப்பத்திரம் கிடைத்த மறுமாதமே மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டிப் பார்த்து வாங்குதல்

விற்பவர் காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினோடு தொடங்கி, சமதரையில் மெதுவாக முதலாம் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது அதிர்வு இருக்கிறதா என்று உணருங்கள். பிறகு உங்கள் வீட்டு ஒழுங்கைக்கே காரைக் கொண்டுபோங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, புறப்பட்டு, மறுபடி நிறுத்துங்கள். அதன் பிறகு ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் பின்னோக்கி ஏறும்போது நடுங்கும்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் ஜி.பி.5, ஆர்.யூ.3, ஜி.எம்.4 எதையும் வாங்க வேண்டாம். அழிக்கப்படாத பிழைக் குறியீடுகள் கிளட்சின் வரலாற்றைச் சொல்லும். குறியீடு ஒன்றுமே இல்லை, எல்லாம் நேற்று அழிக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றால் இன்னும் கவனமாக இருங்கள். ஜப்பான் ஏலத்தில் கொடுத்த ஒக்ஷன் ஷீட்டின் அசலைக் கேட்டு, அதில் உள்ள மீற்றரை இப்போதைய மீற்றரோடு ஒப்பிடுங்கள்.

செலவையும் முன்பே எண்ணி வையுங்கள். மெனுவல் காரின் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் அனுபவமுள்ள கராஜ் பாஸ் ஒருவர் மாற்றிவிடுவார். இரட்டைக் கிளட்ச் தொகுதிக்குத் தனிக் கருவி வேண்டும். மாற்றிய பின் புதிய கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கம்பியூட்டருக்கு ஸ்கேனர் வழியே கற்பிக்கவும் வேண்டும். அந்தப் படியைத் தவிர்த்துவிட்டால் புதுப் பிளேட்டும் பழைய கணக்கிலேயே பிடித்து விட்டு, சில மாதங்களில் தேயத் தொடங்கும். ஆகவே வேலை கொடுக்கும் முன் கராஜில் இரண்டைக் கேளுங்கள்: இந்தப் பெட்டிக்குரிய கருவி உங்களிடம் உண்டா, கற்பித்தலை நீங்களே செய்வீர்களா. பில்லில் அந்தக் கற்பித்தலைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.